நிலை

நாலு வருஷமாய் அது
‘நல்ல நிலையில் உள்ளது.’
இருப்புப் பதிவேட்டில்
ஆண்டுக்கொரு பச்சைக் கையெழுத்து.
புரொஜெக்டர் ஒன்று, ரிமோட் ஒன்று, வயர் இரண்டு.
பீரோவின் கீழ்த்தட்டில்
தெர்மாகோல்கூடப் பிரிக்காமல்,
சம்பந்தி வந்தால் மட்டும் எடுக்கிற
பீங்கான் கோப்பை மாதிரி.

கேட்டேன்.
“ஒடைஞ்சா யார் கட்டுறது டீச்சர்?” என்றார் தலைமையாசிரியர்,
என்னைப் பார்த்தல்ல,
சாவிக்கொத்தைப் பார்த்து.
அவரைக் குறை சொல்ல மாட்டேன்.
காணாமல் போன இரண்டு நாற்காலிக்கு
போன ஆடிட்டில் அவர் சம்பளத்தில்தான் பிடித்தார்கள்.
‘உடைந்தால் நான்’ என்று எழுதிக் கொடுத்தேன்.
ஸ்டாம்ப் ஒட்டாததுதான் பாக்கி.

சாவி வந்தது. பிளக் நுழையவில்லை.
எங்கள் சுவரில் இருப்பது மூக்குத்தித் துளை,
அதன் முள்ளோ மாட்டுக்கொம்பு.
ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு டில்லிபாபு,
வருகைப்பதிவில் பாதி நாள் இல்லாதவன்,
அம்மாவின் இட்லிக் கடையிலிருந்து
ஒரு கன்வர்ட்டர் கொண்டுவந்தான்.
“கிரைண்டரோடது மிஸ்.
நாலு மணிக்கு மாவாட்டணும்.”

லேப்டாப் கடவுச்சொல் கேட்டது.
அதை வைத்தவர் ஏகாம்பரம் சார்,
மாறுதலில் மணலிக்குப் போய் இரண்டு வருஷம்.
போன் போட்டேன்.
“ஒரு நிமிஷம்” என்றார்.
மொட்டைமாடிப் படியேறும் மூச்சு கேட்டது.
பிறகு ஒரு பெண்பெயர்,
எழுத்து எழுத்தாக,
காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில்.
அவர் மனைவி பெயர் எனக்குத் தெரியும்.
அது இல்லை.
தட்டினேன். திறந்தது.
இன்றுவரை அதை நான் மாற்றவில்லை.

அப்புறம் வெயில்.
கொருக்குப்பேட்டை வெயில்,
கண்ணாடி இல்லாத ஆறு ஜன்னல் வழியே வந்து
முதல் பெஞ்சில் உட்காரும்.
திரைச்சீலைக்கு நிதி இல்லை.
பேனருக்கா பஞ்சம் இந்த ஊரில்?
பிரின்சி வீட்டுக் கூரைமேல் கிடந்தது,
ஜோதிலிங்கத்தின் அப்பா ஆட்டோவை மூடியிருந்தது,
காதணி விழா, மஞ்சள் நீராட்டு,
கண்ணீர் அஞ்சலி, வருக வருக.
ஆறு ஜன்னலும் அடைந்தன.
தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள்,
இஸ்கூல்ல இன்னா விசேஷம்?
மிஞ்சிய ஒன்றைத் திருப்பிக் கட்டினோம்.
கல்யாண பேனரின் வெள்ளை முதுகு,
அதுதான் திரை.

இருட்டில் ஐம்பத்திரண்டு பேர் மூச்சு.
ஒரு நீலப் புள்ளி நடுங்கியது.
குரோமோசோம்கள்
காலை அசெம்பிளிக்கு வருவதுபோல்
இடித்து, தள்ளி, கடைசியில் வரிசையாயின.
துணியின் அந்தப்பக்கமிருந்து
மணப்பெண் முகம் லேசாய்க் கசிந்தது.
அவள் நெற்றியில்
ஒரு செல் இரண்டானது.
“மிஸ், அது எங்க அக்கா” என்றாள் கஜலட்சுமி.
யாரும் சிரிக்கவில்லை.
இரண்டு நாலானது.

கரண்ட் போனது.

விசிறி நின்ற அமைதியில்
சரக்கு ரயில் ஒன்று நிதானமாய்க் கடந்தது.
பெட்டிகளை எண்ணுவது இவர்கள் வழக்கம்.
இன்று எண்ணவில்லை.
“எட்டு” என்றது கடைசி பெஞ்ச்.
“பதினாறு.”
“முப்பத்திரண்டு” என்றான் டில்லிபாபு,
வாய்ப்பாட்டில் என்றும் தேறாதவன்.
ஐந்நூற்றுப் பன்னிரண்டுக்கு அப்புறம்
சண்டை வந்தது.
அந்தக் களேபரத்தில் யாரோ வயரில் தடுக்கினார்கள்.
யாரென்று நான் கேட்கவில்லை.

மூன்று ஐம்பதுக்கு
கன்வர்ட்டர் கழன்று கிரைண்டருக்குப் போனது.
பெட்டியின் ஓரத்தில்
நகமளவு ஒரு கீறல்.
பதிவேட்டைப் பிரித்து
‘நிலை’ என்ற கட்டத்தில்
என் நீலப் பேனாவால் எழுதினேன்:
ஒரு கீறல். ஓடுகிறது.

தலைமையாசிரியர் நெடுநேரம் பார்த்தார்.
பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்தார்,
மூடினார்.
கையெழுத்து இன்னும் விழவில்லை.
“அந்த கன்வர்ட்டர்
என்ன வெல டீச்சர்?”
என்று மட்டும் கேட்டார்.